படத்தின் மூலையில் ஒரு விரல்

என் கண்ணில் கோளாறு என்று தெரிவதற்கு முன்னால் செல்போனைத்தான் நான் வைத்தியத்துக்குக் கொண்டுபோனேன். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடையில், "கேமரா கண்ணாடிக்குள்ள தூசி போயிருச்சுங்க, கறுப்புக் கறுப்பா புள்ளி விழுது" என்று சொன்னேன். கடைக்காரர் ஊதிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், கடைசியில் நான் விடாமல் நச்சரித்ததால் புதுக் கண்ணாடியே மாட்டிக் கொடுத்தார். மறுநாளும் புள்ளிகள் அப்படியே மிதந்தன. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம் திட்டித் தீர்த்தேன். பாவம் அந்தக் கடைக்காரர்.

என் பெயர் செல்வி. மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. நார்த்தாமலையைச் சுற்றியிருக்கும் ஊர்கள் என் பொறுப்பில் வருகின்றன. எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையக்கூடிய உரிமை இந்தப் பக்கத்தில் மீட்டர்காரிக்கும் பூனைக்கும்தான் உண்டு. அப்படி நுழைந்து நுழைந்துதான் எனக்குப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்தது. மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கும் குளவி, கொடியில் காயும் சிவப்புப் புடவைக்குப் பின்னால் பாதி தெரியும் மாடு, கழுவிக் கவிழ்த்த குடத்தின் முதுகில் வளைந்து தெரியும் வானம். யூனிட்டைக் குறித்துக்கொண்டு, போகிற போக்கில் ஒரு படம். நானும் ஒரு படக்காரி என்று எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நல்ல படம் கிடைத்த நாளில் வெயில் உறைப்பதில்லை.

எடுத்ததில் ஒன்றைத் தினமும் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மற்றவர்கள் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போடுகிற நேரத்தில் நான் துருப்பிடித்த கேட்டைப் போட்டால் யார் என்ன சொல்வார்கள்? குவைத்தில் இருக்கும் என் தம்பி சரவணன் ஒருவன்தான் பதில் எழுதுவான். அதுவும் பாராட்டு கிடையாது, குறை. "அக்கா, சாஞ்சிருக்கு." "அக்கா, தலை வெட்டுப்பட்டுருச்சு." ஒருமுறை விஜயாலய சோழீச்சுரத்தின் நிழலில் படுத்திருந்த ஆட்டைப் போட்டேன். "அம்புட்டு தூரம் மலையேறிப் போயி கோயிலப் புடிக்காம ஆட்டப் புடிச்சிருக்கியேக்கா" என்று எழுதினான். ஆடு எவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்தது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செல்போனில் எடுத்தாலும் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பேன். கல்யாண வீடுகளில் போட்டோக்காரர்கள் அப்படி எடுப்பதைச் சிறுவயதில் பார்த்துப் படிந்துபோன பழக்கம். "ரெண்டு கண்ணையும் தொறந்தா போன் வெடிச்சிருமா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது, பிறகு காப்பாற்றியதும் இதுதான்.

புள்ளிகளுக்குப் பிறகு விரல் வந்தது. படமெடுக்கும்போது திரையின் இடது கீழ் மூலையில் கறுப்பாக ஏதோ மறைத்தது. விரல் குறுக்கே வருகிறது என்று நினைத்துக் கையைத் தள்ளிப் பிடித்தேன். எடுத்த படத்தைத் திறந்து பார்த்தால் விரல் இருக்காது. சரி, போனே வெட்டிக்கொண்டுவிட்டது போல, இப்போதெல்லாம் போனுக்குத்தான் நம்மைவிட அறிவு அதிகமாயிற்றே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தி நேரத்தில் கண்ணோரத்தில் மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டும். அதைக்கூடத் தூரத்தில் மழை என்று எண்ணிக்கொண்டேன். மழை வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் நார்த்தாமலைக்குப் போயிருந்தோம். குளத்தில் அல்லி பூத்திருந்தது. அன்றைக்கு அந்த விரல் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. போனைக் குளத்துப் படியில் ஒரு கல்லோடு சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, வழக்கம்போல இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.

விரல் அங்கேயே இருந்தது.

மூடிய கண்ணைத் திறக்காமலே தலையை நிமிர்த்திக் குளத்தைப் பார்த்தேன். குளத்திலும் இருந்தது. அல்லி, தண்ணீர், மலை எல்லாவற்றின் மேலும் அதே மூலையில் அதே கறுப்பு. "ஏங்க, எங்கையி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"முதுகுல கட்டியிருக்க. ஏன் கேக்குற?" என்றார்.

"அப்ப இது கண்ணுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் ராசு கொத்தனார். சுவரில் விரிசலைப் பார்த்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லத் தெரியாத ஆள். "ஏறு வண்டில" என்றார். நேராகப் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிவதற்காக உட்கார வைத்தார்கள். காத்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அந்தக் கலக்கத்திலும் இதை எடுத்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, இனிமேல் எடுக்கவே முடியாமல் போனால் என்ற நினைப்பும் பின்னாலேயே வந்தது. படமெடுக்கிற கண் எனக்கு வலது கண் ஒன்றுதான். கையை வீட்டுக்காரர் கைக்குள் வைத்துக்கொண்டேன். பொது இடத்தில் நாங்கள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்த டாக்டரம்மா, "விழித்திரை விலகிக்கிட்டு இருக்கு" என்றார். வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் பக்கம் திரும்பினார். "அப்ப ஒங்களுக்குச் சொல்றது சுலபம். கண்ணுக்குள்ள பின்பக்கச் செவுத்துல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. பாக்குற காட்சி எல்லாம் அதுலதான் விழும். அதுல ஒரு கிழிசல் விழுந்து, அது வழியா தண்ணி எறங்கி, பூச்சு உப்பி உரியுது."

"நடு வரைக்கும் உரிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இல்ல. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா உரியிறது அதோட ஓரம் வரைக்கும் வந்துருச்சு. நடுவும் உரிஞ்சா பார்வை பழையபடி வராது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிரணும்."

சிறுவயதிலிருந்தே நான் சோடாபுட்டிக் கண்ணாடி. கிட்டப்பார்வை அதிகமாக உள்ளவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்குமாம், அதனால் கிழிவதற்கு வாய்ப்பு அதிகமாம். மிதக்கும் புள்ளியும் மின்னலும்தான் அதன் முன்னறிவிப்பு. திரை மாதிரி மறைப்பது அடுத்த கட்டம். இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் ஒரு கண்ணின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். பலர் அதனாலேயே தாமதமாக வருகிறார்கள் என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை, நீங்க ஒத்தைக் கண்ணால பாத்தீங்க" என்றார். வீட்டுக்காரர் அன்றிலிருந்து அந்தப் பழக்கத்தைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். அது வலித்தது. பிறகு வலி இல்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசரால் ஒட்டி, உள்ளே வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயுக்குமிழ்தான் விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குமிழ் எப்போதும் மேலே ஏறும் என்பதால், கண்ணின் பின்பக்கம் மேலே இருக்கும்படி முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தூங்கும்போதும் தரையைப் பார்த்தபடிதான். "நான் என் வேலையச் செஞ்சுட்டேன். இனிமே ஒட்டுறதும் உரியிறதும் நீங்க குனிஞ்சு இருக்குறதுலதான் இருக்கு" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். பில் விவகாரத்தை வீட்டுக்காரர் என் காதில் போடவே இல்லை. கேட்டபோது, "குனிஞ்சு கெட" என்றார்.

முதல் நாள் எனக்குத் தாங்கவில்லை. கழுத்து கடுத்தது. மருந்து வாடையும் கட்டுப் போட்ட கண்ணும் கவிழ்ந்த தலையுமாகக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தலையணையில் முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தேன். அழுகை வந்தது. குனிந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழிவதில்லை, நேராகத் தரையில் சொட்டுகிறது. நல்ல கண்ணிலிருந்து விழுந்த துளி மொசைக் தரையில் உடைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அழுவாதம்மா. அந்தக் கண்ணு அழுதா இந்தக் கண்ணும் சேந்து அழுவும், கட்டு நனஞ்சிரும்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை ஓட்டியபோது இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. நகங்களில் மருதாணி, பெருவிரலைவிட நீளமான இரண்டாம் விரல். அவர் பெயர் ஜமீலா, கடலோரக் கோட்டைப்பட்டினத்துக்காரர். சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, அவருக்கும் விழித்திரையைச் சரிசெய்து வாயு நிரப்பியிருந்தார்கள். அவரும் என்னைப் போலவே கவிழ்ந்திருந்தார். "எங்க ஊருல அக்காள லாத்தான்னு கூப்புடுவோம். நீயும் அப்புடியே கூப்புடு" என்றார். அந்த வார்டில் இருந்தவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பாதங்களும் குரல்களும்தான் பேசிக்கொண்டன.

"லாத்தா, ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாமயா? எங்க வீட்டு மாடில நின்னா விடியக்காலைல மீன்புடி போட்டு எல்லாம் கரைக்கு வாரது தெரியும். எந்த வெளிச்சம் எம்மவன் போட்டுன்னு நான் சொல்லிருவேன். ஆறு மாசமா எல்லா வெளிச்சமும் ஒன்னாக் கலங்கிப்போச்சு. அது பிரிஞ்சு தெரிஞ்சாப் போதும். வேற ஒன்னும் கேக்கல."

எனக்கும் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூலையில் அந்த விரல் இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் தரை துடைப்பவர் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். ஈரமான பட்டையில் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. கம்பிகள், வெளியே வேப்பமரம், அதில் ஒரு காக்கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து காய்ந்து, ஜன்னல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் காக்கை மட்டும் மிஞ்சி, அதுவும் போனது. மனசுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. தரையில் இவ்வளவு நடக்கிறதா! "என்னங்க, எம் போனைக் குடுங்க" என்றேன்.

"கண்ணுக்கு ஆவாதுடி."

"கட்டுப் போடாத கண்ணுதாங்க. டாக்டரம்மாகிட்ட கேளுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, தலையைத் தூக்காமல், கொஞ்ச நேரம் மட்டும் என்று அனுமதி கொடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக இடது கண்ணால் படமெடுத்தேன். மூட வேண்டிய மற்றொரு கண் ஏற்கெனவே மூடித்தான் கிடந்தது. ஈரம் காயும் ஜன்னலை எடுத்தேன். காற்றாடியின் நிழலை எடுத்தேன். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பத்தின் சின்னச் சக்கரத்தில் சுற்றியிருந்த யாரோ ஒருத்தியின் நீள முடியை எடுத்தேன். வந்து போகிறவர்களின் கால்களை எடுத்துக் குழுவில் போட்டு, "இது யார் கால்?" என்று கேட்டேன். அதுவரை என் படங்களை ஏறெடுத்தும் பார்க்காத சொந்தங்கள் எல்லாம் கிளம்பி வந்துவிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா, லீவு போட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து கட்டிலருகே நின்றபோது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கொலுசை வைத்துக் கண்டுபிடித்தேன். "ஒரு சஸ்பென்ஸ் வைக்க விட மாட்டியாம்மா" என்று குனிந்து என் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் முகங்கள் இல்லாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. "எல்லாத்தையும் பாக்குறேன், மொகத்த மட்டும் பாக்க முடியல" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் விரித்தார். பிறகு தொப்பையும் தானுமாக மெல்ல உட்கார்ந்து, மல்லாக்கப் படுத்து, நகர்ந்து நகர்ந்து என் முகத்துக்கு நேர் கீழே வந்தார்.

"இப்பத் தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. மூன்று நாள் தாடி, புருவத்தில் இன்னும் போகாத சிமெண்ட் பூச்சு, சிரிக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் வாய். இந்த மனிதரை இவ்வளவு நேராக நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. உள்ளே வந்த நர்ஸ், "என்னங்கய்யா, ஒங்களுக்கும் பெட்டு போடவா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் லாத்தா குலுங்கிச் சிரித்தார். நான் எடுத்த படங்களிலேயே எனக்குப் பிடித்த படம் அப்போது எடுத்ததுதான். அதைக் குழுவில் போடவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பல நாட்கள் கவிழ்ந்தே கிடந்தேன். வீட்டுக்காரர் எங்கள் கயிற்றுக் கட்டிலில் தலைமாட்டுக் கயிறுகளைத் தளர்த்தி, முகம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை விட்டு, அதைச் சுற்றிப் பழைய வேட்டியைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். மருத்துவமனைக் கட்டிலைவிட அது எவ்வளவோ மேல். கவிதா தரையில் ஒரு கண்ணாடியை வைத்தாள். அதில் வந்தவர்கள் முகமெல்லாம் தெரிந்தது. சாதத்தைப் பிசைந்து, கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து மேல்நோக்கி ஊட்டினாள். பாதி அவள் தலையில் விழுந்தது.

கட்டு அவிழ்த்தபின் வலது கண்ணில் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி எல்லாம் மங்கலாக அலைந்தது. நிமிர அனுமதி கிடைத்ததும் குமிழின் விளிம்பு பார்வைக்குக் குறுக்கே ஒரு கோடாகத் தெரிந்தது. தலையைச் சாய்த்தால் கோடும் ஆடி, திரும்பத் தன்னை நேராக்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் சுவர் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ரசமட்டம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவரிடம் சொன்னதும், "அப்ப அந்த அலமாரி கோணலா இருக்கா பாரு" என்று என்னை வைத்து அளந்து பார்த்தார். நாளாக நாளாகக் கோடு இறங்கி, குமிழ் சிறுத்து, மிளகளவு ஆகி, ஒரு காலையில் காணாமல் போனது. டாக்டரம்மா விளக்கடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டிருச்சு" என்றார். பின்னாளில் புரை வரலாம், அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். ஆனால் மறுபடி மின்னலோ புள்ளியோ மறைப்போ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. தினமும் காலையில் எழுந்ததும் இடது கண்ணை மூடி, எதிர்ச்சுவரின் நான்கு மூலைகளையும் சரிபார்க்காமல் நான் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

லாத்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு விடுமுறை நாளில் கோட்டைப்பட்டினம் போனோம். வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். நான் முகங்களைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தேன். நீளமான இரண்டாம் விரலைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "இம்புட்டுக் குட்டையா நீ? கொரலக் கேட்டு நெட்டச்சின்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார் லாத்தா. அவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மாடியிலிருந்து வெளிச்சங்கள் பிரிந்து தெரிகின்றனவாம். "மவன் போட்டு எதுன்னு சொல்லிர்றேன்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லையே.

பிறகு கடற்கரைக்குப் போனோம். கரையேற்றியிருந்த நாட்டுப்படகு ஒன்றின் பக்கத்தில் நானும் லாத்தாவும் நின்றோம். எப்போதும் நான்தான் எடுப்பேன், அன்றைக்குப் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மிகுந்த பொறுப்போடு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு, "பாரு, எப்புடி வந்திருக்குன்னு" என்று நீட்டினார்.

பார்த்தேன். இடது கீழ் மூலையில் கறுப்பாக ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது.

கடல் சத்தம் எல்லாம் அடங்கிப்போனது மாதிரி இருந்தது. அதே மூலை. அதே கறுப்பு. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், இருந்தது. வலது கண்ணை மூடி, நோவு காணாத இடது கண்ணால் பார்த்தேன்.

அதிலும் இருந்தது.

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். கறுப்பின் ஓரத்தில் ரேகைகள் தெரிந்தன. நகத்தின் இடுக்கில் சிமெண்ட் இருந்தது. என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், இரண்டு கண்ணும் சேர்ந்து அழுதன. லாத்தா பதறிப்போய்த் தோளைப் பிடித்தார். வீட்டுக்காரர் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, வெரலு விழுந்துருச்சா! இரு, அழிச்சுட்டு வேற எடுக்குறேன்" என்றார்.

"அழிச்சீங்க, அம்புட்டுத்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் எதிர்ச்சுவரின் நான்கு மூலைகளையும் சரிபார்த்துவிட்டு, அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். குவைத்திலிருந்து உடனே பதில் வந்தது. "அக்கா, மூலைல வெரலு விழுந்திருக்கு பாரு."

"ஆமாடா தம்பி, வெரலேதான்" என்று எழுதினேன்.